முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள்

கிராஞ்சி பெருவிரைவு ரயில் நிலையத்தில் ஜூரோங் கிழக்கு நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறுங்கள். ஐந்தாவது நிலையம் ஜூரோங் கிழக்கு. அங்கே வேறு ரயிலுக்கு மாறினால் மூன்றாவது நிலையம் புவன விஸ்தா. அங்கிருந்து வட்டப்பாதையில் ஒரே ஒரு நிலையம் சென்றால் ஒன் நார்த் வந்துவிடும். மொத்தம் ஒன்பது நிலையங்கள். அந்த வட்டாரத்தில்தான் இன்சியாட் என்னும் நிர்வாகக் கல்லூரியின் ஆசிய வளாகம் இருக்கிறது. பிரான்சில் 1957ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி, 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் தன் கதவுகளைத் திறந்தது. அதற்கு அருகிலேயே, 1907இல் தொடங்கப்பட்ட எசெக் என்னும் இன்னொரு பிரெஞ்சுக் கல்லூரியின் வளாகமும் உண்டு.

ஐரோப்பிய வணிகக் கல்லூரி என்றால் ஏதோ எட்டாத தூரத்தில் இருப்பது என்று நினைத்த காலம் போய்விட்டது. இன்று நம் மாணவர் பலர் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டிலேயே பாரிஸ், லண்டன், மிலான், பார்சலோனா என்று ஊர்களின் பெயர்களை அடுக்குகிறார்கள். அது மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால், அந்தக் கல்லூரிகளுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்பவர்களைப் பார்த்த அளவுக்கு, ஏன் விண்ணப்பிக்க வேண்டும் என்று தங்களையே கேட்டுக்கொள்பவர்களை நான் பார்த்ததில்லை. விண்ணப்பத்தில் மிகக் கடினமான பகுதி அந்த 'ஏன்' என்ற கேள்விக்கான விடைதான். அந்த விடையை முதலில் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு படிப்புக்கு இது பொருந்தாத யோசனையாகத் தோன்றலாம். அதனால் என் காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில், இந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வோம். ஐரோப்பாவில் வணிகக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பாரிசில் 1819இல் தொடங்கப்பட்ட ஒரு வணிகப் பள்ளி, இ.எஸ்.சி.பி. என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. ஆனால், நாட்டுக்கு நாடு பட்டங்களின் அமைப்பு வேறுபட்டிருந்தது. 1999ஆம் ஆண்டு இத்தாலியின் போலோனியா நகரில் 29 நாடுகள் ஒன்றுகூடி, இளநிலை, முதுநிலை என்று பட்டங்களைப் பொதுவான படிகளாக அமைக்க இணங்கின. அதன்பிறகு நிர்வாகவியல் முதுநிலைப் பட்டம் ஐரோப்பா முழுவதும் பரவியது. வெளிநாட்டு மாணவர்களும் எளிதில் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு படிப்பாக அது ஆயிற்று.

இந்தப் பட்டத்தை எம்.பி.ஏ. பட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்.பி.ஏ. என்பது சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு உரியது. நிர்வாகவியல் முதுநிலைப் பட்டமோ, பொதுவாகப் பல்கலைக்கழகத்தை அப்போதுதான் முடித்தவர்களுக்கும் ஓரிரு ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் உரியது. எனவே, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நெடுநாள் தள்ளிப்போடவும் முடியாது. 'எல்லாரும் போகிறார்கள்' என்று அவசரப்படவும் கூடாது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் எடுக்க வேண்டிய முடிவு இது.

விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும்? மதிப்பெண் பட்டியல், தன்விவரக் குறிப்பு, உங்களை நன்கு அறிந்தவர்கள் தரும் பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை வேண்டும். பல கல்லூரிகள் ஜிமேட் போன்ற தேர்வின் முடிவையும் கேட்கும். இப்போதைய ஜிமேட் தேர்வு இரண்டே கால் மணி நேரம் நடக்கும். கணிதம், மொழித்திறன், தரவுகளை ஆராயும் திறன் என மூன்று பகுதிகள். மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. இவை அனைத்துக்கும் பயிற்சி நூல்கள் உண்டு. பயிற்சி வகுப்புகள் உண்டு. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். நீங்கள் யார், எதற்காக இதைப் படிக்க விரும்புகிறீர்கள், ஏன் இந்தக் கல்லூரி என்று விளக்கும் நோக்கக் கட்டுரை. இதற்கு மட்டும் பயிற்சி நூல் உதவாது. ஏனெனில், விடை அந்த நூலில் இல்லை.

என் உறவினர் ஒருவரின் மகளைப் பற்றிச் சொல்கிறேன். அவள் உட்லண்ட்சில் வசிப்பவள். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தாள். தந்தை கிராஞ்சியில் ஒரு காய்கறிக் கிடங்கில் மேற்பார்வையாளர். இறுதி ஆண்டில் ஆறு ஐரோப்பியக் கல்லூரிகளின் பட்டியலோடு என்னிடம் வந்தாள். தான் எழுதிய நோக்கக் கட்டுரையைக் காட்டி, "மாமா, இலக்கணப் பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள்," என்றாள்.

பிழை எதுவும் இல்லை. உலகளாவிய பார்வை, தலைமைத்துவப் பண்பு, பன்முகப் பண்பாட்டு அனுபவம் என்று வாக்கியங்கள் அழகாக ஓடின. ஆனால், கட்டுரையின் மேலே இருந்த பெயரை அழித்துவிட்டு வேறு யாருடைய பெயரை எழுதினாலும் அது பொருந்தும். கல்லூரிகள் தங்கள் விளம்பர ஏட்டில் எழுதியிருந்ததையே அவள் அவர்களுக்குத் திருப்பி எழுதியிருந்தாள்.

"இதில் சொன்னதை உன் அப்பாவிடம் தமிழில் எழுதிக் காட்டு. அவருக்குப் புரிந்தால் அனுப்பலாம்," என்றேன். அவள் சிரித்தாள். தந்தைக்கு வேலைக்குத் தேவையான ஆங்கிலம் தெரியும். எனினும், அவர் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பது தமிழ்தான். இரண்டு நாள் கழித்து அவள் தொலைபேசியில் அழைத்தாள். "எழுத முடியவில்லை, மாமா. தமிழில் எழுதினால் ஒன்றுமே சொல்லாத மாதிரி இருக்கிறது," என்றாள்.

அவள் அன்று சொன்னதுதான் என் முதல் காரணம். நன்கு பழகிய மொழியில் ஆயத்தச் சொற்றொடர்கள் கைக்கு உடனே வந்துவிடும். நம் மாணவர்களுக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் பழகிய மொழி ஆங்கிலம். 'உலகளாவிய தலைமைத்துவம்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் பொருளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அதையே வீட்டில் பேசும் மொழியில் அப்பாவிடம் சொல்ல முயன்றால், "அப்படியென்றால் நீ என்ன வேலை செய்யப் போகிறாய்?" என்ற கேள்வி வந்து நிற்கும். அந்தக் கேள்விக்குத்தான் கல்லூரியும் விடை எதிர்பார்க்கிறது.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் ஒன்றரைப் பக்கம் தமிழில் எழுதி முடித்தாள். அதில் கிராஞ்சிக் கிடங்கு இருந்தது. பல்கலைக்கழக விடுமுறை ஒன்றில் அவள் அங்கே தந்தைக்கு உதவியாக இருந்திருக்கிறாள். மலேசியாவிலிருந்து பாலம் கடந்து லாரிகளில் வரும் கீரைப் பெட்டிகளில் எத்தனை வீணாகின்றன என்று நாள்தோறும் கணக்கு எடுத்திருக்கிறாள். தாமதமாக வரும் லாரிகளின் கீரைதான் அதிகம் வாடுகிறது என்று கண்டுபிடித்ததாகவும், அந்த விவரத்தைக் கிடங்கு நிர்வாகத்திடம் கொடுத்ததாகவும் எழுதியிருந்தாள். ஆங்கிலக் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "கிராஞ்சியில் கீரை எண்ணியதையெல்லாம் அவர்களிடம் எப்படிச் சொல்வது?" என்றாள்.

அந்தத் தமிழ் வரைவைத் தந்தை படித்தார். அவர் பாராட்டவில்லை, திருத்தினார். "லாரி தாமதமாக வந்ததால் கீரை வாடவில்லையம்மா. அந்த நேரத்தில் இறக்குவதற்கு ஆள் இல்லை. பையன்கள் எல்லாரும் அடுத்த வண்டிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பெட்டி வெயிலில் நின்றது. நீ எண்ணியது சரி, காரணம்தான் தப்பு," என்றார்.

இது என் இரண்டாவது காரணம். வீட்டில் உள்ளவர்கள் படித்துத் திருத்தக்கூடிய மொழியில் எழுதினால், அவர்களுடைய அறிவும் நமக்குக் கிடைக்கும். இருபது ஆண்டுகள் ஒரு கிடங்கில் நின்ற மனிதருக்குத் தெரிந்தது, பாடநூலில் சரக்கு மேலாண்மை படித்த மகளுக்குத் தெரியவில்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால், அந்தப் பக்கம் எழுதப்படும்வரை அதைப் பற்றிப் பேசிக்கொள்ள அவர்களுக்கு வாய்ப்பு அமையவில்லை. அதன்பின் அவள் கட்டுரை மாறியது. 'நான் ஒரு சிக்கலைத் தீர்த்தேன்' என்று இருந்தது, 'எண்களை மட்டும் நம்பி நான் தவறான காரணத்தைச் சொன்னேன்' என்று ஆயிற்று. எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களின் வேலையைப் புரிந்துகொள்ளவே நிர்வாகவியல் படிக்க விரும்புவதாக எழுதினாள். அந்தக் கட்டுரையில் இனி வேறு யாருடைய பெயரையும் எழுத முடியாது.

மூன்றாவது காரணம் பணம். இதைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் பேசியே ஆகவேண்டும். புகழ்பெற்ற ஐரோப்பிய வணிகக் கல்லூரிகளில் முதுநிலைப் படிப்புக்கான கட்டணம் ஐம்பதாயிரம் யூரோவை ஒட்டியும், சிலவற்றில் அதைத் தாண்டியும் இருக்கிறது. தங்கும் செலவும் உணவும் தனி. விண்ணப்பக் கட்டணமே பல இடங்களில் நூறு யூரோ அளவில் இருக்கும். இடம் கிடைக்காவிட்டால் அது திரும்ப வராது. ஆறு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

'ஐரோப்பாவில் படிப்பு இலவசம்' என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்றும் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால், அந்நாட்டின் பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. சுவீடன் 2011இலும் நார்வே 2023இலும் இத்தகைய மாணவர்களுக்குக் கட்டணத்தை அறிமுகப்படுத்தின. ஜெர்மனியில் கட்டணம் இல்லாவிட்டாலும், அங்கே வாழ்வதற்குத் தேவையான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் ஓராண்டுச் செலவுக்கான தொகையை ஒரு தனிக் கணக்கில் போட்டு வைப்பார்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று அதற்கு வரம்பு உண்டு. 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது.

நம் நாட்டில் பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து கல்விக்காகக் கடன் பெறும் திட்டம் உண்டு. அது உள்ளூர் உயர்கல்வி நிலையங்களின் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்கு மட்டுமே உதவும். வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்கு அதைப் பயன்படுத்த முடியாது. ஆக, உபகாரச் சம்பளம் கிடைக்காதவர்கள் சேமிப்பையோ வங்கிக் கடனையோதான் நம்ப வேண்டும். இரண்டுமே குடும்பத்தின் பணம். தம்பி, தங்கையின் படிப்பும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கும். அந்தப் பணத்தைத் தரப்போகிறவர்கள் நோக்கக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ளும் உரிமை உள்ளவர்கள் அல்லவா? கல்லூரியின் தேர்வுக் குழுவுக்குக் காட்டும் விளக்கத்தைப் பெற்றோருக்குக் காட்டாமல் இருப்பது சரியில்லை.

என் கருத்தை மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

"பெயர் பெற்ற கல்லூரி என்பதே போதுமான காரணம். அந்தப் பெயர் வேலைக் கதவுகளைத் திறக்கும்," என்று சிலர் கூறுவர். உண்மைதான். முன்னாள் மாணவர்களின் தொடர்பும் கல்லூரியின் நற்பெயரும் பெரிய பலம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அதே பெயரைக் காட்டித்தான் ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். பெயர் கதவைத் திறக்கலாம்; திறந்தபின் எந்த அறைக்குள் போக வேண்டும் என்பதைப் பெயர் சொல்லாது. சரக்குப் போக்குவரத்தா, நிதியா, சந்தைப்படுத்தலா என்று தெரியாமல் போகிறவர், கட்டணம் கட்டிய பிறகுதான் அதைத் தேடத் தொடங்குவார்.

"இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நல்ல கட்டுரை எழுதித் தருகின்றனவே," என்று மாணவர் சிலர் கேட்கலாம். எழுதித் தரும், மறுக்கவில்லை. அதனாலேயே எல்லாக் கட்டுரைகளும் ஒன்றுபோல் ஆகிவருகின்றன. மேலும், சில கல்லூரிகள் கட்டுரையோடு நிறுத்துவதில்லை. கேமராவின் முன் அமரவைத்து, முன்கூட்டியே சொல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டு, ஓரிரு நிமிடத்தில் விடை சொல்லச் சொல்கின்றன. அப்போது உதவிக்கு வருவது நாம் உண்மையில் யோசித்து வைத்திருப்பது மட்டுமே.

"தமிழில் எழுதிவிட்டு மறுபடி ஆங்கிலத்தில் எழுதுவது இரட்டை வேலை," என்பது இன்னொரு வாதம். ஒன்றரைப் பக்கம் எழுத ஒரு வாரம் ஆகலாம். ஓராண்டுப் படிப்பையும் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பையும் பற்றிய முடிவுக்கு ஒரு வாரம் அதிகமா? அதுமட்டுமன்றி, ஐரோப்பியக் கல்லூரிகள் பல மொழிகள் அறிந்தவரைக் குறைவாக மதிப்பதில்லை. 1988இல் நான்கு ஐரோப்பியக் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய செம்ஸ் என்னும் கூட்டமைப்பு, பன்மொழித் திறனைத் தன் பட்டத்தின் ஓர் அங்கமாகவே வளர்த்துவந்துள்ளது. நமது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் இன்று அதன் உறுப்பினர். இங்கே படித்துக்கொண்டே, ஒரு பருவத்தை வேறு நாட்டுக் கல்லூரியில் கழிக்கும் வாய்ப்பையும் அது தருகிறது. ஐரோப்பாவுக்குப் போகும் வழி ஒன்றே ஒன்று அல்ல என்பதையும் இது காட்டுகிறது.

'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்பார்கள். அக்கரை உண்மையிலேயே பச்சையாகவும் இருக்கலாம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இக்கரையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறேன். கிராஞ்சியில் பண்ணைகள் இருக்கின்றன, நீர்த்தேக்கம் இருக்கிறது, தொழிற்சாலைகளும் கிடங்குகளும் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளும் இருக்கின்றன. பொருள்களும் மனிதர்களும் எப்படி நகர்கிறார்கள், எங்கே தேங்குகிறார்கள் என்பதெல்லாம் அங்கே கண்ணெதிரே நடக்கிறது. வணிகக் கல்லூரி கற்பிப்பதும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

என் உறவினரின் மகள் ஆறு கல்லூரிகள் இருந்த பட்டியலை இரண்டாகக் குறைத்தாள். சரக்கு விநியோகம் பற்றிய பாடங்கள் எந்தக் கல்லூரியில் ஆழமாக இருக்கின்றன என்று பார்த்து அவற்றைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்றில் இடம் கிடைக்கவில்லை. மற்றொன்றில் இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. குடும்பம் கூடிப் பேசியது. தந்தை, "போ," என்றார். அவளோ கல்லூரியிடம் கேட்டு ஓராண்டு அவகாசம் வாங்கிக்கொண்டு வேலையில் சேர்ந்தாள். கட்டணத்தில் ஒரு பகுதியையாவது தன் சம்பளத்தில் சேமித்த பிறகு போவதாகச் சொன்னாள். அந்த முடிவு சரியா தவறா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால், அது அவர்கள் எல்லாரும் புரிந்துகொண்டு எடுத்த முடிவு.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் உங்களுக்கு இந்த முடிவை எடுக்க இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. தொடக்கக்கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, பலருக்குத் தேசிய சேவை, பிறகு பல்கலைக்கழகம் என்று நீண்ட பாதை அது. ஜிமேட் தேர்வுக்கு இப்போதே படிக்கத் தேவையில்லை. ஆனால், இந்த வார இறுதியில் உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர் ஒருவரிடம், "உங்கள் வேலையில் எது அடிக்கடி தவறாகப் போகிறது? ஏன்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அரைப் பக்கம் தமிழில் எழுதி அவரிடமே காட்டுங்கள். அவர் எதைத் திருத்துகிறார் என்று கவனியுங்கள். என்றேனும் ஒருநாள் ஒரு கல்லூரி உங்களிடம் 'ஏன்' என்று கேட்கும்போது, சொல்வதற்கு உங்களிடம் சொந்தமாக ஒன்று இருக்கும்.